கிராண்ட் கேன்யன் ராஃப்டிங் டிரிப்: கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல, கிராண்ட் கேன்யன்ங்கிற பிரம்மாண்டமான பள்ளத்தாக்குக்கு அடியில ஓடுற கொலராடோ ஆத்துல கைடோட படகுல போயி, வழியில அங்கங்க நிறுத்தி பக்கத்துல பிரியுற சின்ன சின்ன கேன்யனுக்குள்ள நடந்துட்டு வர்ற டிரிப்பப் பத்தினது இது. போயிட்டு வந்தவன்னு தெரிஞ்சதுல இருந்து ஆளாளுக்கு போன் பண்ணி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை காஞ்சு போச்சு, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன். நீளமாத்தான் இருக்கும், வேணுங்கிற கேள்விய மட்டும் படிச்சுக்குங்க.

கேள்வி: மேல வியூ பாயிண்ட்ல நின்னு ஏற்கெனவே பாத்தாச்சு, கீழ போயி புதுசா என்ன பாக்கப் போறோம்?

மேல சவுத் ரிம்ல, அதாவது பள்ளத்தாக்கோட தெற்கு விளிம்புல நின்னா ஆறு எங்கயோ மெல்லிசா தெரியும், பாதி இடத்துல அதுவும் தெரியாது. கீழ கதையே வேற. லீஸ் ஃபெர்ரிங்கிற இடத்துல படகு ஏறுறீங்கல்ல, அங்க கொஞ்ச தூரத்துலயே கைபாப் சுண்ணாம்புப் பாறை தண்ணி மட்டத்துல இருந்து கிளம்பும், அது சுமார் 27 கோடி வருஷப் பழசு. படகு போகப் போக அந்த அடுக்கு மேல மேல போயிட்டே இருக்கும், அடியில இருந்து அதவிட பழைய அடுக்கு ஒண்ணொண்ணா வெளிய வரும். சில நாள் கழிச்சு ரெண்டு பக்கமும் கருப்பா பளபளன்னு விஷ்ணு ஷிஸ்ட் பாறை நிக்கும், 170 கோடி வருஷத்துக்கு மேல பழசு. மொத நாள் கால் வெச்ச அந்த கைபாப் பாறை அப்போ தலைக்கு மேல ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துல இருக்கும். இத மேல நின்னு பத்து நிமிஷம் செல்ஃபி எடுத்தா புரியாது, நாள் கணக்குல அதுக்குள்ளயே போனாத்தான் புரியும்.

கேள்வி: எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்? எத்தனை நாள் லீவு போடணும்?

ஆரம்பம் லீஸ் ஃபெர்ரி, அதுதான் மைல் 0. அங்க இருந்து எல்லா இடத்தையும் மைல் நம்பர வெச்சுத்தான் சொல்வாங்க, கிலோமீட்டர் எடுபடாது. ஃபேண்டம் ராஞ்ச் (கேன்யனுக்கு அடியில இருக்குற தங்குமிடம்) கிட்டத்தட்ட மைல் 88. டிரிப் முடியுற இடங்கள்ல டயமண்ட் க்ரீக் மைல் 226, பியர்ஸ் ஃபெர்ரி மைல் 280. மோட்டார் படகுல முழுசும் போனா ஒரு வாரம் மாதிரி ஆகும், துடுப்பு படகுல ரெண்டு வாரம், சில கம்பெனில அதுக்கும் மேல. அவ்ளோ லீவு கிடைக்காதவங்களுக்கு பாதி டிரிப் இருக்கு, அதப் பத்தி கீழ தனியா சொல்றேன்.

ஒரே ஒரு நாள்தான்னா ரெண்டு வழி. கிளென் கேன்யன் டேமுக்கு கீழ இருந்து லீஸ் ஃபெர்ரி வரைக்கும் அலையே இல்லாம மிதந்து வர்ற டிரிப் ஒண்ணு, ஹார்ஸ்ஷூ பெண்ட்னு போட்டோவுல பாப்பீங்களே அந்த வளைவ கீழ இருந்து பாக்கலாம், பாறையில பழங்குடி மக்கள் செதுக்குன உருவங்களும் இருக்கு. இன்னொண்ணு ஹுவாலபாய் பழங்குடியினரே நடத்துற ஒரு நாள் ராஃப்டிங், டயமண்ட் க்ரீக்ல ஆரம்பிக்கும். ரெண்டும் நல்லாத்தான் இருக்கும், ஆனா இந்தப் பக்கத்துல பேசுற விஷயம் அது இல்ல.

கேள்வி: மோட்டார் படகா, துடுப்பு படகா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மோட்டார் படகு பெருசு, 10 மீட்டருக்கு மேல நீளம், பத்து பதினாலு பேர் உக்காரலாம். எக்ஸ்பிரஸ் வண்டி, பாசஞ்சர் வண்டி வித்தியாசம்தான், ஒரே தண்டவாளம், ஆனா பாசஞ்சர்ல போறவனுக்குத்தான் ஊர் பேரெல்லாம் தெரியும். துடுப்பு படகுல ஒரு கைடு நடுவுல உக்காந்து ரெண்டு பெரிய துடுப்ப வலிப்பாங்க, நீங்க நாலு பேரோ அஞ்சு பேரோ சும்மா புடிச்சுட்டு உக்காந்தா போதும். நாங்களும் துடுப்பு போடணும்னு கை அரிக்கிறவங்களுக்கு பேடில் ராஃப்ட் இருக்கு, ஆறேழு பேர் ஆளுக்கொரு துடுப்போட, பின்னாடி கைடு கத்துற கமாண்டுக்கு ஏத்த மாதிரி போடணும். டோரின்னு மரத்துலயோ ஃபைபர்லயோ செஞ்ச அழகான படகும் உண்டு, மார்ட்டின் லிட்டன்னு ஒருத்தர்தான் அத இங்க பிரபலமாக்கினார், மனுஷன் அழிச்ச இயற்கையான இடங்களோட பேர அவரோட படகுங்களுக்கு வெச்சாரு.

என்னைக் கேட்டா, லீவும் காசும் ஒத்து வந்தா துடுப்புதான். இஞ்சின் சத்தம் இல்லாதது ஒரு காரணம், அதவிட முக்கியம் நிறுத்தி நடக்க நேரம் கிடைக்கிறது. மோட்டார்ல போனாலும் ஹைக் உண்டு, ஆனா ஒரு நாள்ல ரொம்ப மைல் ஓட்டணுங்கிறதால சில இடம் கை நழுவிடும். இன்னொரு விஷயம், செப்டம்பர் 16ல இருந்து மார்ச் 31 வரைக்கும் மோட்டாருக்கே அனுமதி கிடையாது.

கேள்வி: ரேபிட்ஸ் எவ்ளோ பயங்கரமா இருக்கும்? யூடியூப்ல பாத்தா வயித்தக் கலக்குது.

ரேபிட்னா ஆறு பாறைங்க மேல ஏறி இறங்கி அலையடிச்சு வேகமா ஓடுற இடம். யூடியூப்காரன் அதுல லாவா ஃபால்ஸ்ங்கிற ரேபிட்ட மட்டும்தான் போடுவான். மத்த ஆத்துல 1 முதல் 6 வரைக்கும் கிரேடு சொல்வாங்க, இங்க மட்டும் 1 முதல் 10. லாவா ஃபால்ஸும் கிரிஸ்டலும் ஒன்பது பத்துல வரும், ஹான்ஸ், ஹார்ன் க்ரீக், கிரானைட், ஹெர்மிட் எல்லாம் அதுக்கு அடுத்த வரிசை. ஆனா மொத்த ஆத்து நீளத்துல பத்துல ஒரு பங்குதான் ரேபிட், ஆறு இறங்குற உயரத்துல பாதி அந்த பத்துல ஒரு பங்குலயே இறங்கிடுது, மீதி தூரமெல்லாம் அமைதியா போயிட்டிருப்பீங்க. ஒரு ரேபிட் இருபது முப்பது செகண்ட்ல முடிஞ்சிடும். பெரிய ரேபிட்டுக்கு முன்னாடி கைடுங்க படக கரையில கட்டிட்டு மேல ஏறி நின்னு தண்ணி எப்படி ஓடுதுன்னு பாப்பாங்க, அந்த பத்து நிமிஷம் அவங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிறதுதான் ரேபிட்ட விட பயமா இருக்கும்.

இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும், இந்த மொத்த டிரிப்பும் புரியறதுக்கு இதுதான் சாவி. ரேபிட் எப்படி உண்டாகுது? பக்கத்துல பிரியுற கேன்யன்ல பெருமழை பெஞ்சா சேறும் வீடு சைஸ் பாறையும் சேந்து உருண்டு வந்து மெயின் ஆத்து வாயில கொட்டும், ஆறு அந்த இடத்துல நெருக்குண்டு பாறை மேல ஏறி இறங்கும், அவ்ளோதான். கிரிஸ்டல் ரேபிட் 1966 டிசம்பர் வரைக்கும் சாதாரண சலசலப்புதான், அந்த மாசம் ஒரு மழையில வந்த சேறும் கல்லும் அத இப்ப இருக்கிற ராட்சசனா மாத்திடுச்சு. லாவா ஃபால்ஸ்கூட பேரப் பாத்து எரிமலைக் குழம்பு போட்ட அணைன்னு நினைப்பாங்க, உண்மையில எதிர்ல இருக்குற ப்ராஸ்பெக்ட் கேன்யன் கொண்டு வந்து கொட்டின கல்லுதான். முந்தி காலத்துல வருஷா வருஷம் வர்ற பெரிய வெள்ளம் இந்தக் கல்ல கொஞ்சம் கொஞ்சமா தள்ளிட்டுப் போகும், டேம் கட்டினப்புறம் அந்த வெள்ளம் வர்றதில்ல, கல்லு அங்கயே கிடக்கு.

அப்போ கணக்கு என்னன்னா பெரும்பாலும் ரேபிட் இருக்கிற இடத்துல ஒரு பக்கக் கேன்யன் இருக்கும், நடக்கப் போற கேன்யன் வாயில ஒரு ரேபிட் இருக்கும். ரேபிட்டுக்கு மட்டும் வர்றேன், நடக்கல்லாம் முடியாதுன்னு சொல்றவங்க பாதி டிரிப்புக்கு முழு காசு கட்டறாங்கன்னுதான் நான் சொல்வேன்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம், நிறைய பேர் அப்படித்தான் வர்றாங்க. படகு ஓடுற வரைக்கும் லைஃப் ஜாக்கெட் கழட்டக் கூடாது, காலையில கைடு வந்து பெல்ட்ட இழுத்து இழுத்து டைட் பண்ணுவாங்க, மூச்சு முட்டுதேன்னு தளத்தாதீங்க. தண்ணிக்குள்ள விழுந்துட்டா மல்லாந்து, கால ஆறு போற பக்கம் நீட்டி, பாதத்த மேல தூக்கி வெச்சுக்கணும், அலை மூஞ்சில அடிக்கிறப்ப மூச்ச அடக்கி, அலை தாண்டினதும் மூச்சு விடணும். நிக்கணும்னு மட்டும் முயற்சி பண்ணாதீங்க, பாறை இடுக்குல கால் மாட்டிக்கும். படகு ஒரு பக்கம் தூக்குனா ‘ஹை சைடு’ன்னு கத்துவாங்க, எல்லாரும் தூக்குற பக்கமா போயி விழணும், மரியாதை எல்லாம் பாக்காம யார் மேல வேணா விழுங்க.

கேள்வி: ஹைக் எல்லாம் எப்படி இருக்கும்? எது எதெல்லாம் தவறவிடக் கூடாது?

இதுக்குத்தான் நான் காத்துட்டிருந்தேன்.

மைல் 20 தாண்டி நார்த் கேன்யன் வரும், பொதுவா மொத ரெண்டு நாள்ல. செம்பாறை வளைஞ்சு வளைஞ்சு உரிஞ்சு நிக்கிற ஒரு குளத்துல போயி முடியும், கைடுங்க உங்க கால் எப்படி, மூச்சு எப்படின்னு இங்கதான் நைசா நோட்டம் விடுவாங்க. மைல் 33ல ரெட்வால் கேவர்ன், நடையே இல்ல, படகுல இருந்து இறங்கினா மணல். 1869ல இந்த ஆத்துல மொத மொதல்ல இறங்கி வந்த ஜான் வெஸ்லி பவல் இதுக்குள்ள ஐம்பதாயிரம் பேர் உக்காரலாம்னு எழுதி வெச்சிருக்காரு, கொஞ்சம் ஓவர்தான், ஆனா உள்ள நின்னா அவர மன்னிச்சுடுவீங்க. அந்த மனுஷனுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வலது கை போயிடுச்சு, ஒத்தக் கையோடதான் இந்த மலை எல்லாம் ஏறினாரு, அத நினைச்சா நம்ம முட்டி வலிய வெளிய சொல்ல வெக்கமா இருக்கும்.

மைல் 39 கிட்ட பாறையில ஓட்டை ஓட்டையா தோண்டியிருக்கும். அது குகை கிடையாது, அங்க ஒரு டேம் கட்டுறதுக்கு பாறைய சோதிச்ச சுரங்கம். 1960கள்ல பெரிய எதிர்ப்பு வந்து திட்டத்த கைவிட்டாங்க, இல்லேன்னா இப்ப சொன்ன ரெட்வால் கேவர்னெல்லாம் தண்ணிக்கு அடியில இருந்திருக்கும்.

நங்கோவீப், மைல் 53. ஆத்துல இருந்து அண்ணாந்து பாத்தா பாறைச் சுவத்துல சதுர சதுரமா ஜன்னல் தெரியும், சுமார் 900 வருஷம் முந்தி இங்க விவசாயம் பண்ணின, பியூப்ளோ பழங்குடி மக்களோட முன்னோர் சோளமும் விதையும் எலி தொடாம சேத்து வெச்ச குதிர் அது. ஏத்தம் செங்குத்து, நிழல் கிடையாது, காலையிலயே முடிச்சிடணும். அங்க நின்னு ஆறு கீழ வளைஞ்சு போறத பாக்குற போட்டோதான் எல்லா காலண்டர்லயும் வரும். குதிரத் தொடவோ சாயவோ கூடாது.

பிளாக்டெயில் கேன்யன், மைல் 120. தூரம் கம்மி, யாரும் வந்து பெருசா ரீல்ஸ் போட மாட்டாங்க, எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். குறுகலான சந்து, சுவத்துல கீழ இருக்குற கருப்புப் பாறை 170 கோடி வருஷம், அது மேலயே ஒட்டினாப்ல உக்காந்திருக்குற டபீட்ஸ் மணற்பாறை சுமார் 50 கோடி வருஷம். நடுவுல 120 கோடி வருஷத்தக் காணோம், அரிச்சுட்டுப் போயிடுச்சு. ரெண்டையும் சேத்து ஒரு கையால மூடிடலாம். சத்தம் அங்க அருமையா எதிரொலிக்கும், யாராவது பாடத் தெரிஞ்சவங்க குரூப்ல இருந்தா விடாதீங்க.

எல்வ்ஸ் காஸம் மைல் 117, சின்ன அருவி, அருவிக்குப் பின்னாடி பாறையில ஏறி குளத்துல குதிக்கலாம், கூட்டம் இருக்கும். மட்கட்டமிபா மைல் 148, கேன்யன் அவ்ளோ குறுகல்ங்கறதால ஒரு சுவத்துல காலும் இன்னொரு சுவத்துல முதுகும் குடுத்து நகரணும், கொஞ்சம் சதை போட்டவங்களும் போயிடலாம், பயப்படாதீங்க.

மைல் 136 டியர் க்ரீக். ஆத்தங்கரையிலயே 50 மீட்டர் மேல இருந்து அருவி கொட்டுது, அங்க குளிச்சுட்டு திரும்பிடலாம். ஆனா அதுக்கு மேல ஏறினா ஓடை பாறைய அறுத்துட்டு போற ஒரு இடுக்கு, அதோட விளிம்புல ஒரு பலகை அகலத்துக்குப் பாதை, ஒரு பக்கம் கீழ ஆழம். உயரம்னா தலை சுத்துறவங்க அருவிக்கு அடியிலயே இருங்க, கௌரவம் பாக்காதீங்க. தெற்கு பையூட் பழங்குடி மக்களுக்கு புனிதமான இடம் அது, கயிறு கட்டி உள்ள இறங்க அனுமதி இல்ல. கால்ல பலம் இருக்கிற குரூப்பா இருந்தா கைடுங்க இன்னொரு வழி சொல்வாங்க, மைல் 134ல டபீட்ஸ் க்ரீக்ல இறக்கி விட்டுடுவாங்க, அங்க இருந்து தண்டர் ரிவர் போயி, பாறைச் சுவத்த பொத்துக்கிட்டு ஒரு நதியே கொட்டுறத பாத்துட்டு, சர்ப்ரைஸ் வேலின்னு நிழலே இல்லாத மேட்ட தாண்டி டியர் க்ரீக் வழியா இறங்கி படகப் புடிக்கணும். ஒரு முழு நாள். வெயில் காலத்துல வேணாம்.

கேள்வி: இன்ஸ்டால வர்ற அந்த நீலக் கலர் ஹவாசு ஃபால்ஸ் இந்த டிரிப்ல வருமா?

வராது. ஹவாசு க்ரீக் மைல் 157ல ஆத்துல வந்து கலக்குது, அந்த நீலத் தண்ணியில நடக்கலாம், உக்காரலாம், ஆனா போட்டோவுல வர்ற பெரிய அருவி ரொம்ப மேல, ஹவாசுபாய் பழங்குடி மக்களோட ஊர் பக்கத்துல இருக்கு. பீவர் ஃபால்ஸே ஆத்துல இருந்து சுமார் 4 மைல், அதுவும் அவங்க நிலம், போலாமா கூடாதான்னு கைடு சொல்றதுதான் முடிவு. தண்ணி நீலமா இருக்கிறதுக்கு அதுல கரைஞ்சிருக்கிற சுண்ணாம்புதான் காரணம். மழை மேகம் தெரிஞ்சா இங்க படக நிறுத்தவே மாட்டாங்க, ஏன் நிறுத்தலன்னு சண்டை போடாதீங்க, வாய் அவ்ளோ குறுகல், வெள்ளம் வந்தா கட்டின படகையே புடுங்கிட்டுப் போயிடும்.

கேள்வி: பாதி டிரிப்னா என்ன?

ஃபேண்டம் ராஞ்ச் கிட்ட ஆள் மாத்துவாங்க. மேல் பாதி புக் பண்ணினவங்க அங்க இறங்கி பிரைட் ஏஞ்சல் டிரெயில்ல சவுத் ரிம்முக்கு ஏறணும், கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர், உயரம் 1,300 மீட்டருக்கு மேல. கீழ் பாதிக்காரங்க அதே வழியில இறங்கி வந்து படகுல ஏறுவாங்க. இறக்கம்தானேன்னு அலட்சியம் வேணாம், முட்டி ரெண்டும் மறுநாள் பேசும். ஏறுறவங்க கோடையில விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடணும், நடுவுல ஹவாசுபாய் கார்டன்ஸ்ல தண்ணி புடிக்கலாம் (பழைய மேப்புல இந்தியன் கார்டன்னு இருக்கும், 2022ல பேர மாத்தினாங்க). டிரெயில் சில சமயம் ரிப்பேருக்காக மூடியிருக்கும், குழாயும் வேலை செய்யாம போகும், கிளம்புறதுக்கு முன்னாடி பார்க் (கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா) வெப்சைட்ட பாத்துடுங்க.

எந்தப் பாதி நல்லதுன்னா, பெரிய ரேபிட்டும் ஈரமான ஹைக்கும் கீழ் பாதியிலதான் அதிகம். மேல் பாதியில பாறைங்க அழகு, நங்கோவீப், ரெட்வால். வெயில்ல மேல ஏற முடியுமான்னு சந்தேகம் இருந்தா கீழ் பாதி எடுங்க.

கேள்வி: எந்த மாசம் போறது?

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூன் ஜூலையில கீழ 40 டிகிரி சர்வ சாதாரணம், நமக்கென்ன வேலூர் வெயில் பாக்காததான்னு கேப்பீங்க, அங்க ஈரப்பதமே இல்லாததால வேர்க்கிறதே தெரியாம உடம்பு காஞ்சிடும், தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணியும், கூடவே உப்பா ஏதாவதும் உள்ள போயிட்டே இருக்கணும். ஜூலையில இருந்து செப்டம்பர் பாதி வரைக்கும் அங்கயும் பருவமழை, மத்தியானம் இடி இடிச்சு கொட்டும், ஆறு செக்கச்செவேல்னு சேறா மாறிடும், ஆனா மேல ரிம்ல இருந்து நூறு அருவி ஒரே நேரத்துல விழறத அப்பதான் பாக்க முடியும். ஏப்ரல்ல ராத்திரி குளிரும், காத்து மணல அள்ளி மூஞ்சில அடிக்கும்.

கேள்வி: பாலைவனம்னு சொல்றீங்க, தண்ணி மட்டும் ஏன் ஐஸ் மாதிரி இருக்காம்?

டேம்தான் காரணம். லீஸ் ஃபெர்ரிக்கு 15 மைல் மேல கிளென் கேன்யன் டேம், 1963ல அடைச்சாங்க. ஏரியோட ஆழத்துல இருந்து தண்ணிய விடறாங்க, வெயிலே படாத தண்ணி, பொதுவா பத்து டிகிரி பக்கம்தான் இருக்கும். ஏரி மட்டம் ரொம்ப இறங்கின வருஷங்கள்ல கொஞ்சம் சூடா வருது. கரண்டு தேவைக்கு ஏத்த மாதிரி தண்ணிய கூட்டிக் குறைக்கிறதால கடல் மாதிரி ஏத்த இறக்கம் உண்டு, ராத்திரி தண்ணியில கட்டின படகு காலையில மணல் மேல உக்காந்திருக்கும், அப்ப எல்லாரும் சேந்து தள்ளணும், அது டிக்கெட்டுல சேத்தி.

கேள்வி: கேக்கவே கூச்சமா இருக்கு, டாய்லெட்?

எல்லாரும் கேக்குறதுதான். ஒண்ணுக்கு நேரா ஆத்துல. ஆமா, ஆத்துலதான், அதுதான் ரூல். அந்த மணல்ல மழையே பெரும்பாலும் இல்ல, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பேர் வர்ற கேம்ப்ல மணல்ல போனா நாத்தம் போகவே போகாது. பக்கத்துல ஓடுற சின்ன ஓடைகள்ல மட்டும் கூடவே கூடாது. ரெண்டுக்கு ஒரு பெட்டி, குரூவர்னு பேரு, கேம்ப்புக்கு வந்ததும் மறைவா, பெரும்பாலும் சூப்பர் வியூவோட ஒரு இடத்துல வெப்பாங்க. மொத்தத்தையும் மூடி கட்டி டிரிப் முடியற வரைக்கும் படகுலயே எடுத்துட்டுப் போவாங்க, ஒரு துளி அங்க விடக் கூடாது. டிஷ்யூ பேப்பர்தான், தண்ணி வேணும்னா பாட்டில் கொண்டு போயிக்கலாம், அந்தப் பெட்டிக்குள்ள தண்ணி அதிகம் ஊத்தக் கூடாதுங்கறதால அளவா. பக்கத்துல கால் பம்ப் வெச்ச கை கழுவுற இடம் இருக்கும். ரெண்டாம் நாள் கூச்சம் போயிடும்.

கேள்வி: குளிக்கிறது?

மெயின் ஆத்துலதான் சோப்பு, ஓடைப் பக்கம் சோப்பு கொண்டு போகக் கூடாது. ஜில்லுன்னு இருக்கும், கத்திக்கிட்டே குளிங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

புக் பண்றப்பவே ஒரு ஃபார்ம் வரும், முட்டை சாப்பிடுவீங்களா, பால் ஓகேவான்னு தெளிவா எழுதிடுங்க, வெஜிடேரியன்னு மட்டும் போட்டா ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துப்பாங்க. கைடுங்கதான் சமையலும், டச் அவன்னு மூடி போட்ட கனமான இரும்புப் பாத்திரத்துல கேக் எல்லாம் பண்ணுவாங்க, அந்த வேலைய பாத்தா கைகூப்பத் தோணும். சைவத்துக்கு கொறைச்சல் இருக்காது, காரத்துக்குத்தான் கொறைச்சல். ஊறுகாய், பருப்புப் பொடி, வறுத்த கடலை சின்ன டப்பால எடுத்துட்டுப் போங்க, மூணாவது நாள் அந்த டப்பா சுத்தி ஒரு கூட்டமே நிக்கும். குடிக்கிறதுக்கு ஆத்துத் தண்ணியதான் வடிகட்டித் தருவாங்க, அது பத்தி கவலை வேணாம். மைல் 213ல பம்ப்கின் ஸ்பிரிங்னு ஆரஞ்சு கலர்ல ஒரு ஊத்து வரும், அதுல ஆர்செனிக் இருக்கு, வாயில படக் கூடாது.

கேள்வி: எங்க படுக்கிறது? பாம்பு, தேள்?

ஆத்தங்கரை மணல்ல. டென்ட் தருவாங்க, மழை இல்லேன்னா பாதி பேர் வெளியவே படுப்பாங்க. தேள் உண்டு, செருப்ப போடறதுக்கு முன்னாடி தட்டிட்டு போடுங்க, ராத்திரி வெறுங்கால்ல நடக்காதீங்க. விரியன் ஜாதில இங்க மட்டும் இருக்கிற இளஞ்சிவப்பு ராட்டில்ஸ்னேக் இருக்கு, நாம ஒதுங்கினா அதுவும் ஒதுங்கிடும். நிஜமா தொல்லை பண்றது செவ்வெறும்பும் காக்கா ஜாதியில பெருசா இருக்கிற ரேவனும்தான், ஒண்ணு கடிக்கும், ஒண்ணு பைய ஜிப்போட தொறந்து பிஸ்கட்ட தூக்கிட்டுப் போயிடும்.

கேள்வி: போன் சிக்னல்? அடிபட்டா?

சிக்னல் கிடையாது. கைடு கிட்ட சேட்டிலைட் போன் இருக்கும், ரொம்ப அவசரம்னா பார்க் ஹெலிகாப்டர் வரும், ஆனா கூப்பிட்ட உடனே வரும்னு நினைக்காதீங்க, வானிலை, வெளிச்சம், இடம் எல்லாம் ஒத்து வரணும். இருதயம், சர்க்கரை, ஆஸ்துமா எது இருந்தாலும் ஃபார்ம்ல மறைக்காம சொல்லிடுங்க, மருந்த ரெண்டு செட்டா ரெண்டு வேற பையில வெச்சுக்குங்க. ஆபீஸ்ல முன்னாடியே சொல்லிட்டுப் போங்க, ‘அவசரம்னா கூப்பிடுங்க’ன்னு சொல்ற பழக்கம் இங்க செல்லாது.

கேள்வி: குழந்தைங்க, அம்மா அப்பாவ கூட்டிட்டுப் போலாமா?

மோட்டார்ல எட்டு ஒன்பது வயசுல இருந்து சேத்துப்பாங்க, துடுப்புல பொதுவா பன்னெண்டு, கம்பெனிக்கு கம்பெனி மாறும். ஊர்ல இருந்து வந்திருக்கிற அம்மா அப்பாவுக்கு மேல் வயசு வரம்புன்னு பெரும்பாலும் இல்ல, மணல்ல நடந்து, வழுக்குப் பாறையில ஏறி இறங்கி, படகோட ஓரத்துல தூக்கிக் கால் வெக்க முடியுமான்னுதான் பாக்கணும். மோட்டார் படகுல தாராளமா வரலாம், பெரிய ஹைக் வர்றப்ப கரையில நிழல்ல உக்காந்துக்கலாம். ஆனா மேல ஏறி வெளிய வர்ற பாதி டிரிப்புக்கு அவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க.

கேள்வி: பொண்ணுங்க மட்டும் ஒரு குரூப்பா போலாமா?

தாராளமா. கைடுங்கள்லயே நிறைய பேர் பொண்ணுங்கதான். 1938லயே எல்சாடா க்ளோவர், லோயிஸ் ஜாட்டர்னு ரெண்டு தாவரவியல் ஆராய்ச்சியாளருங்க இந்த ஆத்துல படகுல வந்து வழியெல்லாம் செடிகள சேகரிச்சு எழுதி வெச்சாங்க, இந்தக் கேன்யன முழுசா கடந்த மொத பொண்ணுங்க அவங்கதான். அப்புறம் ஜார்ஜி ஒயிட்னு ஒரு அம்மா ராணுவத்துல மிச்சமான பெரிய ரப்பர் படகுகள வாங்கி காசுக்கு ஆள் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு ஓடுற பெரிய மோட்டார் படகுக்கெல்லாம் வழி காட்டினதே அதுதான்.

கேள்வி: எவ்ளோ செலவு? எப்ப புக் பண்ணனும்?

முழு மோட்டார் டிரிப் தலைக்கு 3,000 டாலருக்கு மேல, ரெண்டு வார துடுப்பு டிரிப் 5,000 டாலரத் தாண்டும், அதுல சாப்பாடு, டென்ட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேந்திடும், ஃப்ளைட்டும் முந்தின நாள் ஹோட்டலும் தனி. ஒரு வருஷம் முன்னாடியே புக் பண்ணிடணும், நல்ல மாசம்னா அதுக்கும் முன்னாடி. பார்க் அனுமதி குடுத்த கம்பெனிங்க கொஞ்சம்தான், எல்லாத்தோட லிஸ்ட்டும் பார்க் வெப்சைட்டுலயே இருக்கு, அதுல இல்லாதவன் கிட்ட காசு கட்டாதீங்க. வருஷத்துக்கு ஒருத்தருக்கு ஒரு டிரிப்தான்னு சட்டமே இருக்கு. கைடு இல்லாம நாமளே போறதும் உண்டு, அதுக்கு லாட்டரி, ஆத்துல படகு ஓட்டி அனுபவம் இருக்கிற ஆள் ஒருத்தராவது வேணும், நம்ம குரூப்ல அப்படி யாரும் இல்லேன்னு எனக்குத் தெரியும். புக் பண்றப்ப ‘எந்தெந்த ஹைக் போவீங்க’ன்னு கேளுங்க. கண்டிப்பா இதெல்லாம்னு லிஸ்ட் குடுக்கறவன விட, தண்ணி, வெயில், மத்த படகுகள பாத்துத்தான் சொல்வோம்னு சொல்றவன நம்புங்க.

கேள்வி: என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

லிஸ்ட் அவங்களே அனுப்புவாங்க, அதுல இருக்கிறத அப்படியே எடுங்க. நான் சேத்து சொல்றது: பின்னாடி பட்டை வெச்ச சேண்டல், புதுசா வாங்கினத அங்க வந்து மொத தடவை போடாதீங்க. ஈரத்துலயே இருந்து பாதம் வெடிக்கும், ராத்திரி கழுவித் துடைச்சு க்ரீம் போட்டு காட்டன் சாக்ஸ் மாட்டிட்டுப் படுங்க, தேங்காயெண்ணெயும் நல்லாவே வேலை செய்யும். முழுக்கை மெல்லிசு சட்டை, வெயில்ல அத ஆத்துல முக்கிப் போட்டுக்கலாம். ஜீன்ஸ் வேணவே வேணாம். மே மாசமானாலும் ரெயின் ஜாக்கெட் பேன்ட்டோட சேத்து, காலை நேரத்து ரேபிட்ல நனைஞ்சுட்டு நிழல்ல போறப்ப பல்லு தந்தி அடிக்கும். கண்ணாடி போடறவங்க கயிறு கட்டிக்குங்க, ஸ்பேர் ஒண்ணும் வேணும்.

கேள்வி: அழகான கல்லு ஒண்ணு எடுத்துட்டு வரலாமா?

கூடாது. பானை ஓடும் கூடாது.

கேள்வி: கைடுக்கு டிப்ஸ் குடுக்கணுமா?

குடுக்கணும். டிரிப் காசுல பத்து சதவீதம் பக்கம் வழக்கமா குடுப்பாங்க, எல்லாரும் சேத்து தலைமை கைடு கையில குடுத்தா அவங்களுக்குள்ள பிரிச்சுப்பாங்க. கடைசி நாள் ஏடிஎம் தேடாதீங்க, அங்க ஒண்ணும் கிடையாது, கேஷ ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு பையோட அடியில வெச்சிடுங்க.